இல்லாத மூலை

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில்
எடைமேடைக் கண்ணாடிக்குப் பின்னால் எனக்கு வேலை.
வண்டி ஏறும், எண் எரியும், சீட்டு கிழிப்பேன்.
மணலிக் காற்றென்றால் கேஸ் நாற்றம்,
எண்ணூர்க் காற்றென்றால் சாம்பல்.
திசையை மூக்கே சொல்லிவிடும்.
அதற்குப் பெயரும் யோசனைதானா என்று
யோசித்ததில்லை.

முனிரத்தினம் நாற்பதடி டிரெய்லரைப் பின்னெடுப்பதை
முந்நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.
வால் இடப்பக்கம் போக
ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும்.
எப்படி என்று கேட்டேன்.
"மேலேர்ந்து பாப்பேன் மேடம், காக்கா கணக்கா.
தலைக்குள்ளயே ஒரு தபா சுவுத்துல இடிச்சிப்பேன்.
அப்பால அத அழிச்சிட்டு வேற மாரி வுடுவேன்."
தான் எத்தனை முறை உடைந்தோம் என்று
சுவருக்குத் தெரியாது.
கணக்கென்றால் காகிதம் என்றிருந்தவள் நான்.
அவர் போட்டதும் கணக்குதான்.
கோடு, கோணம், அடித்தல், திருத்தல்,
நடுவில் ஒரு சொல்கூட இல்லை.

ஆடியில் ஒரு செவ்வாய், இருபதடி வண்டி கொடுத்தார்கள்.
குட்டை வண்டி சட்டென்று மடங்கும்.
அது அவருக்குத் தெரியும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.
கையைத்தான் யாரும் கேட்கவில்லை.
கை நாற்பதடிக்கே ஒடித்தது.
என் அறையின் மூலை, மேசை விசிறியோடு,
தரையில் கிடந்தது.
(எனக்கு ஒன்றுமில்லை. டீ சிந்தியது.)

இறங்கினார்.
வண்டியை மூன்று சுற்று சுற்றினார்,
டயரைத் தொட்டார்,
காக்கா இன்னும் பழைய வண்டிமேலேயே பறக்கிறதா என்பதுபோல்
அண்ணாந்து நின்றார்.

அஞ்சல்வழியில் இரண்டு வருஷம் தத்துவம் படித்தேன்,
பாதிப் பாடம் கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தபோது.
எல்லாவற்றையும் சந்தேகி என்றது ஒரு புத்தகம்.
பரீட்சையில் சந்தேகித்தேன். பாஸ்.
கேட் திறக்காமலே போய்விடும் என்று மட்டும்
ஒருநாளும் தோன்றவில்லை,
ஸ்கூட்டி ஆக்சிலேட்டரில் கை தயாராக இருந்தது.
உட்கார்ந்த இடத்தில் சந்தேகம் வராது.
ஏதாவது இடிய வேண்டும்,
வண்டியை விட்டு இறங்க வேண்டும்.

போன மாதம் தி.நகரில், ஒரு லோன் விஷயம்.
படிவத்தில் முகவரி படித்தாள் அந்தப் பெண்: வியாசர்பாடி.
சிரித்தாள். நல்ல பெண்.
கேட்டால், எல்லாரும் மனுஷங்கதானே என்பாள்,
மனதார என்பாள்.
அதற்குள் அவள் கை
மேசைமேலிருந்த போனை
நாலு விரற்கடை தன் பக்கம் இழுத்திருந்தது.
சந்து, கத்தி, ஓடுகிற ஆள் என்று
ஏதோ ஒரு படம் உள்ளே ஓடியிருக்கும்.
எங்கள் தெருவில் எடுக்காத படம்.
வாய் சொல்லப்போவதையா, கை செய்ததையா,
எதை அவள் நம்பிக்கை என்று எழுதுவது?

முனிரத்தினத்திடம் சொன்னேன்.
"அந்தம்மா தலைலயும் ஒரு காக்கா இருக்குது மேடம்.
நம்ம ஏரியா மேல அது பறந்ததேயில்ல."
சொல்லிவிட்டு எச்சில் துப்பினார், வண்டி எடுத்தார்.
எனக்குக் கோபம் ஆறவில்லை.
அவள் மேசையில் எந்த லாரி வந்து இடிக்கும்?

உடைந்த மூலையை மறுபடி கட்டவில்லை.
ஒப்பந்தக்காரர் செங்கலை அள்ளிப் போனார்.
இப்போது நேராக நடந்தால்
டீக்கடைக்கு ஏழடி மிச்சம்.
முனிரத்தினம் இருபதடியையும் பின்னெடுக்கிறார்,
ஒடிப்பதற்கு முன் ஒரு மூச்சு நிறுத்தி.
அந்த ஒரு மூச்சுதான் புதுசு.

நான்தான்
கிளாஸைப் பிடித்தபடி
தோளைக் கொஞ்சம் ஒடுக்கி
அந்த இடத்தில் வளைந்து போகிறேன்.
மேலிருந்து கத்துகிறார்:
"மேடம், சுவுரு இடிஞ்சி மூணு மாசமாச்சி!"

"தெரியும்" என்று நானும் கத்துகிறேன்,
சுற்றி முடித்த பிறகு.